அழுத்தியது எந்தக் கட்டம்?

திருச்சுழியிலிருந்து மேற்கே போனால் அருப்புக்கோட்டை. மழையை நம்பிய இந்த வறண்ட சீமையில் வானம் ஏமாற்றிய வருடங்களிலும் பல வீடுகளில் உலை கொதித்ததற்குக் காரணம் தறி. குண்டாற்றில் தண்ணீர் வராத வருடத்திலும் தறியில் நாடா ஓடியது. அந்தத் தறியில் நெய்யும் சேலையின் கரையில் ஒரு கொடி ஓடுகிறது, உடலில் புட்டா விழுகிறது, முந்தியில் மாங்காய் நிற்கிறது என்றால், அது தறிக்கு வருவதற்கு முன்பே ஒரு கட்டம் போட்ட தாளில் பிறந்திருக்க வேண்டும். அந்தத் தாள் இப்போது கணினித் திரைக்கு வந்துவிட்டது. பென்சில் இருந்த இடத்தில் மவுஸ் இருக்கிறது. ஒரு கை மவுஸை அழுத்தும் நொடியில் தொடங்கி, சரியான கட்டம் கறுப்பாவது வரை உள்ளே என்னென்ன நடக்கிறது என்று இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

முதலில் தாளைப் புரிந்துகொள்வோம். பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804 இல் செய்துகாட்டிய பெட்டிதான் பூ விழும் தறிகளின் தலைக்கு மேல் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. குறுக்கே ஓர் ஊடை நூல் ஓட ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் அதற்கு நேரான ஊசி உள்ளே போகும், கொக்கி தன் இடத்தில் நிற்கும், மேலே எழும் இரும்புப் பட்டை அதைப் பிடித்துத் தூக்கும், அதோடு கட்டிய நெடுக்கு நூலான பாவு உயரும். துளை இல்லாவிட்டால் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். கொக்கி விலகும். நூல் கீழேயே கிடக்கும். கட்டத்தாள் என்பது இதன் வரைபடம். நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு கொக்கி, குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஓர் அட்டை. நிரப்பிய கட்டம் துளை.

240 கொக்கி உள்ள ஜக்கார்டில் 400 ஊடை நீளத்துக்கு ஒரு டிசைன் போட்டால் 96,000 கட்டங்கள் வரும். அவற்றில் ஒன்று தவறினால் பிழை ஒரு பூவோடு நிற்காது. அட்டைகள் மாலையாகக் கோத்துச் சுற்றிச் சுற்றி வருபவை. சேலை முழுவதும், ஒவ்வொரு சுற்றிலும், அதே இடத்தில் அதே நூல் தவறாக எழும். நெய்பவர் தன் கையால் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார். ஆனால் சேலையைத் திருப்பிக் கொடுக்கும்போது கூலி குறைவது அவருக்குத்தான். இந்தக் கட்டத்தாளைத் திரைக்குக் கொண்டுவரும் நிரலை எழுத உட்காருபவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

துணி டிசைனைத் திரையில் தொட்டு வரையும் எண்ணம் மவுஸ் பரவுவதற்கு முந்தையது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜானிஸ் லூரி என்ற பெண் கணிதத்தையும் நெசவையும் இணைத்து, ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த உருவைத் தறிக்குரிய கட்டங்களாக மாற்றும் முறையை 1960களில் உருவாக்கினார். 1968 இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அது மக்கள் முன் இயங்கியது. அதற்கான காப்புரிமை 1970 இல் கிடைத்தது. அதே 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் தன் மவுஸை ஒரு பெரிய சபைக்கு முதன்முதலாக இயக்கிக் காட்டினார். மரப்பெட்டிக்குள் இரண்டு சக்கரங்கள் வைத்து, 1964 வாக்கில் பில் இங்கிலிஷ் செய்து கொடுத்த கருவியின் வழி வந்தது அது. ஒளிப்பேனா திரையையே தொடும். மவுஸ் மேசையில் நகரும், அம்புக்குறி திரையில் நகரும். கைக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை நிரப்பும் வேலை நிரலுக்கு வந்து சேர்ந்தது.

விண்டோஸ், ஜாவா, உலாவி என்று எந்தச் சூழலை எடுத்தாலும் பொத்தான், எழுத்துப்பெட்டி, பட்டியல் போன்ற திரைக் கூறுகள் தயாராகக் கிடைக்கும். நெசவுக் கட்டத்தாள் கிடைக்காது. அதை நாமே செய்ய வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் பலருக்கு முதலில் தோன்றும் வழி, ஒரு கட்டத்துக்கு ஒரு பொத்தான் வைப்பது. 8 க்கு 8 கட்டமுள்ள சதுரங்கப் பலகைக்கு அது ஓடும். 96,000 பொத்தான்களைத் திரையில் அடுக்கினால் கணினி திணறும். ஆகவே கட்டத்தாள் முழுவதும் ஒரே கூறாக இருக்க வேண்டும். கோடுகளையும் கறுப்புக் கட்டங்களையும் அதுவே வரைந்துகொள்ளும். மவுஸ் எந்தக் கட்டத்தின்மேல் இருக்கிறது என்பதை அதுவே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும். டிசைன் தனியாக, ஒரு கட்டத்துக்கு ஒரு பிட் என்று நினைவகத்தில் இருக்கும். 96,000 பிட் என்பது 12,000 பைட்தான். நார்வே நாட்டு டிரிக்வே ரீன்ஸ்காக் 1979 இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் வகுத்துச் சொன்ன பிரிவினை இது: உள்ளிருக்கும் பொருள் வேறு, அதைக் காட்டும் படம் வேறு, கையின் அசைவைக் கேட்டு நடப்பது வேறு. மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டினால் பிறகு பிரிக்க முடியாது.

மவுஸ் நிகழ்வு என்று நம் கூறுக்கு வந்து சேரும் செய்தி மிகச் சிறியது. இயங்குதளம் ஒரு தபால்காரரைப் போல, அம்புக்குறி எந்தச் சாளரத்தின் எந்தக் கூறின்மேல் இருக்கிறது என்று பார்த்து அந்த வாசலில் ஓர் அஞ்சலட்டையைப் போட்டுவிட்டுப் போகும். அதில் இருப்பது இவ்வளவே: என்ன நடந்தது (அழுத்தல், நகர்வு, விடுதல்), கூறின் இடது மேல் மூலையிலிருந்து எத்தனை பிக்சல் வலப்புறம், எத்தனை பிக்சல் கீழே, எந்தப் பொத்தான், ஷிப்ட் போன்ற விசை ஏதும் அழுத்தியிருக்கிறதா, எந்த நேரம். கொக்கி, ஊடை, புட்டா எதுவும் அதற்குத் தெரியாது.

முதல் வேலை பிக்சலைக் கட்டமாக்குவது. நெசவின் நுணுக்கம் இங்கேயே புகுந்துவிடுகிறது. துணியில் ஓர் அங்குலத்துக்கு 80 பாவும் 60 ஊடையும் என்று வைத்துக்கொள்வோம். பாவு நெருக்கமானது, ஊடை அகலமானது. ஆகவே தாளின் கட்டம் சதுரமாக இருக்கக் கூடாது. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3 க்கு 4 ஆக வேண்டும். அப்போதுதான் திரையில் வட்டமாக வரைந்த பூ துணியிலும் வட்டமாக விழும். சதுரக் கட்டத்தில் வரைந்தால் பூ துணியில் நெடுக்காக இழுபட்டு நிற்கும். அதனால் கட்டத்தின் அகலம் 6 பிக்சல், உயரம் 8 பிக்சல் என்று வைப்போம். தாள் முழுவதும் 1,440 பிக்சல் அகலம், 3,200 பிக்சல் உயரம். ஒரே திரையில் அடங்காது, நகர்த்திப் பார்க்க வேண்டும்.

தாளை 600 பிக்சல் வலப்புறம் நகர்த்தியிருக்கிறோம். மவுஸ் 317 ஆவது பிக்சலில் அழுத்தப்பட்டது. இரண்டையும் கூட்டினால் 917. அதை 6 ஆல் வகுத்தால் 152 ம் மீதியும். பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அது 153 ஆவது கொக்கி. உயரத்தில் இன்னொரு திருப்பம் உண்டு. திரையில் கணக்கு மேலிருந்து கீழே இறங்குகிறது. நெசவில் துணி கீழிருந்து மேலே வளர்கிறது. கட்டத்தாளிலும் முதல் ஊடை அடியில்தான். உயரத்தை 8 ஆல் வகுத்து வந்த எண்ணை 399 இலிருந்து கழித்தால்தான் சரியான அட்டை கிடைக்கும். இதை மறந்தால் மாங்காயின் காம்பு கீழே போய்விடும். கோலத்துக்குப் பரவாயில்லை. சேலைக்கு ஆகாது.

இந்த வகுத்தலில் ஒரு பள்ளம் இருக்கிறது. கை வேகமாக இழுக்கும்போது மவுஸ் தாளின் இடது ஓரத்தைத் தாண்டிவிடும். அப்போது வரும் எண் -3 என்று எதிர்மறையாக இருக்கும். சி, ஜாவா போன்ற மொழிகளில் -3 ஐ 6 ஆல் முழு எண்ணாக வகுத்தால் விடை பூஜ்யம். அதாவது தாளுக்கு வெளியே இருக்கும் மவுஸ் முதல் கொக்கியின்மேல் இருப்பதாகக் கணக்கு பொய் சொல்கிறது. கரையின் முதல் நூலில் யாரும் வரையாத புள்ளி விழுகிறது. பைத்தான் அதே வகுத்தலுக்கு -1 என்று விடை தரும். வகுக்கும் முன்பே எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது எல்லா மொழிக்கும் பொருந்தும் வழி.

அடுத்து, எந்த நிகழ்வைக் கேட்பது என்ற கேள்வி. பாடநூல்கள் 'கிளிக்' நிகழ்விலிருந்து தொடங்கும். வரையும் தாளுக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. கிளிக் என்பது அழுத்தலும் விடுதலும் சேர்ந்த பிறகு, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் மட்டுமே பிறக்கும் செய்தி. ஜாவாவின் ஸ்விங் போன்ற தொகுதிகளில் இடையில் மவுஸ் நகர்ந்துவிட்டால் கிளிக் வராமலே போகலாம். நாளெல்லாம் கட்டம் நிரப்பும் கை நடுங்காமல் இருக்குமா? ஒரு பிக்சல் நழுவினாலும் போயிற்று. வரைபவர் அழுத்தினார், கட்டம் வெள்ளையாகவே நிற்கிறது. திரும்ப அழுத்துகிறார். இப்போது நிரம்புகிறது. கொஞ்ச நேரத்தில் கருவியின்மேல் நம்பிக்கை போய்விடும், ஒவ்வொரு கட்டத்தையும் உற்று உற்றுப் பார்ப்பார், கண் வலிக்கும். அழுத்திய நொடியிலேயே கட்டம் நிரம்ப வேண்டும். பென்சில் அப்படித்தான் நடந்துகொண்டது.

அழுத்தினால் கட்டத்தின் நிறம் மாற வேண்டும்: வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். ஒரு கட்டத்துக்கு இது சரி. அழுத்தியபடியே இழுத்தால்? நகர்வு நிகழ்வு ஒவ்வொன்றிலும் கீழே இருக்கும் கட்டத்தைப் புரட்டினால், மவுஸ் ஒரே கட்டத்துக்குள் இரண்டு பிக்சல் அசைந்தாலும் அது கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று துடிக்கும். கடைசியில் எதில் நிற்கும் என்பது அதிர்ஷ்டம். இதற்குத் தீர்வு எளிமையானது, அழகானது. அழுத்தும்போதே முடிவெடுத்துவிட வேண்டும். முதல் கட்டம் வெள்ளையாக இருந்தால் இந்த இழுப்பு முழுவதும் நிரப்பும் இழுப்பு. கறுப்பாக இருந்தால் முழுவதும் அழிக்கும் இழுப்பு. அந்த முடிவைக் கூறு நினைவில் வைத்துக்கொள்கிறது. விடும்வரை அது மாறாது. வழியில் ஏற்கெனவே கறுப்பான கட்டங்கள் வந்தாலும் நிரப்பும் இழுப்பு அவற்றைத் தொந்தரவு செய்யாது. வரைபவரின் மனதில் இருந்ததும் அதுதானே. அழுத்தலுக்கும் விடுதலுக்கும் நடுவே கூறு நினைவில் வைத்திருக்க வேண்டியவை சிலவே: இழுப்பு நடக்கிறதா, நிரப்புவதா அழிப்பதா, கடைசியாகத் தொட்ட கட்டம் எது, மாற்றிய கட்டங்கள் எவை. தனித்தனியாக வரும் நிகழ்வுகளை ஒரே செயலாகக் கோப்பது இந்த நினைவுதான்.

கடைசியாகத் தொட்ட கட்டம் எதற்கு? மவுஸ் தொடர்ச்சியாக நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. கணினிக்கு அது விட்டு விட்டுத்தான் தெரியும். சாதாரண யு.எஸ்.பி. மவுஸ் நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு முறை தான் நகர்ந்த தூரத்தைச் சொல்கிறது. கை நொடிக்கு 2,000 பிக்சல் வேகத்தில் போனால் இரண்டு செய்திகளுக்கு நடுவே 16 பிக்சல் போய்விடும். நம் கட்டத்தின் அகலமோ 6. வரைபவர் ஒரு நீண்ட கோடு இழுத்திருப்பார், திரையில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கும். நிரல் வேறு வேலையில் 50 மில்லிநொடி மூழ்கியிருந்தால் இடைவெளி 100 பிக்சல், பதினாறு கட்டங்கள்.

இதற்கு மருந்து 1962 இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜாக் பிரெசன்ஹாம், காகிதத்தில் கோடு கிழிக்கும் ஒரு வரைவு இயந்திரத்துக்காக ஒரு வழிமுறை எழுதினார். 1965 இல் அது அச்சில் வந்தது. இரண்டு கட்டங்களைக் கொடுத்தால், அவற்றுக்கு நடுவே நேர்கோடு எந்தெந்தக் கட்டங்களைத் தொட வேண்டும் என்பதை முழு எண்களின் கூட்டல் கழித்தலாலேயே அது சொல்லிவிடும். பின்னமும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். ஒவ்வொரு நகர்விலும் முந்தைய கட்டத்திலிருந்து இப்போதைய கட்டம்வரை பிரெசன்ஹாம் கோட்டைப் போட்டால், கை எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு கட்டமும் விடுபடாது. அறுபது ஆண்டுக்கு முந்தைய அந்தக் கணக்கு இன்றைய சேலைக் கரையில் ஓடும் கொடிக்கு அப்படியே பொருந்துகிறது.

இழுத்துக்கொண்டே போகிற கை தாளைத் தாண்டி வெளியே போய், அங்கே பொத்தானை விட்டுவிட்டால் என்ன ஆகும்? சூழல் அதைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் விடுதல் செய்தி வேறொரு கூறின் வாசலுக்குப் போய்விடும். நம் தாள் இன்னும் இழுப்பு நடக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மவுஸ் திரும்பி வந்ததும், யாரும் அழுத்தாமலே கட்டங்கள் கறுப்பாகத் தொடங்கும். இதைத் தடுக்கத்தான் 'பிடித்துவைத்தல்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அழுத்திய கூறுக்கே, விடும்வரை எல்லாச் செய்தியும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்வது அது. விண்டோஸில் இதற்கு ஒரு தனிக் கட்டளை உண்டு, உலாவியிலும் உண்டு. ஜாவாவின் ஸ்விங் இதைத் தானாகவே செய்கிறது. அப்படியும் நடுவில் வேறொரு சாளரம் மேலே வந்து குதித்தால் விடுதல் காணாமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு நகர்விலும் பொத்தான் இன்னும் அழுத்தித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் இழுப்பை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

வலது பொத்தானுக்கு ஒரு குறிப்பு போதும். பட்டியல் திறக்கும் வழக்கம் விண்டோஸில் விடும்போது, மேக்கில் அழுத்தும்போது. இரண்டு இடத்திலும் சோதிக்காத நிரல் ஒன்றில் ஓடி மற்றொன்றில் ஊமையாகிவிடும்.

மவுஸ் செய்தி வந்த இடத்திலேயே எல்லா வேலையையும் முடிக்கும் ஆசை எழும். அதை அடக்க வேண்டும். பெரும்பாலான சூழல்களில் செய்தி வாங்குவதும் திரை வரைவதும் நிரலின் ஒரே இழையில் (thread) நடக்கின்றன. அந்த இழையில் நீண்ட வேலை எதையாவது செய்தால் மவுஸ் செய்திகள் வரிசையில் தேங்கும், திரை உறையும். நெசவில் டிசைன் பெரிதாகப் பெரிதாக நீளும் அப்படி ஒரு வேலை இருக்கிறது. ஓர் ஊடை நூல் பல பாவு நூல்களைப் பின்னாமல் மேலேயே நெடுந்தூரம் கிடந்தால், அது கட்டியவரின் வளையலிலும் கொலுசிலும் மாட்டி அறும். டிசைனில் அப்படிப்பட்ட நீண்ட கிடப்புகள் இருக்கின்றனவா என்று 96,000 கட்டத்தையும் சோதித்துச் சொல்வது நல்ல கருவியின் கடமை. அந்தச் சோதனை பின்னணியில், கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் நடக்கட்டும். மவுஸ் செய்திக்குப் பதிலாகச் செய்ய வேண்டியது இரண்டே: பிட்டை மாற்று, மாறிய கட்டங்களின் பரப்பை மட்டும் மறுபடி வரையச் சொல்.

விடுதல் வந்ததும் இழுப்பு முழுவதையும் ஒரே செயலாகக் குறித்துவைக்க வேண்டும். 'முந்தையதுக்குப் போ' என்றால் ஒரு முழு இழுப்பும் திரும்ப வேண்டும். ஒரு கட்டம் ஒரு கட்டமாகத் திரும்பும் கருவிகளையும் பார்த்திருக்கிறேன். அறுபது கட்டம் இழுத்தவர் அறுபது முறை விசையைத் தட்ட வேண்டுமா? அது வரைபவரின் நேரத்தைத் திருடுவது. எஸ்கேப் விசையை அழுத்தினால் நடந்துகொண்டிருக்கும் இழுப்பு அப்படியே ரத்தாக வேண்டும். மாற்றிய கட்டங்களை நினைவில் வைத்தது இதற்கும் உதவும்.

இனி வருவது விரல். கணினி இல்லாத வீட்டிலும் கைபேசி இருக்கிறது. மவுஸ், பேனா, விரல் மூன்றையும் ஒரே வகை நிகழ்வாகக் கேட்கும் முறையை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு 2015 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் அங்கும் செல்லும். சில வேறுபாடுகள் உண்டு. விரல் திரைக்கு மேலே மிதந்து நின்று 'இது 153 ஆவது கொக்கி' என்று முன்கூட்டிக் காட்டச் சொல்ல முடியாது, தொட்ட பிறகுதான் செய்தி. விரல் நுனி பல கட்டங்களை மறைக்கும். ஆகவே தொட்ட இடத்தைச் சற்று மேலே பெரிதாக்கிக் காட்டவும், இரண்டு விரலால் தாளைப் பெரிதாக்கவும் வசதி வேண்டும். இரண்டாவது விரல் பட்டதும் முதல் விரல் தொடங்கிய கோட்டை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரிதாக்கும்போதெல்லாம் ஒரு புள்ளி கறுப்பாகும். இழுப்பின் நடுவே இயங்குதளம் 'ரத்து' என்ற செய்தியையும் அனுப்பக்கூடும். அதை விடுதலாக எடுத்துக்கொள்ளாமல் எஸ்கேப்பைப் போல நடத்த வேண்டும்.

இந்தியாவில் கைத்தறிக்கென்று திறந்த மூலமாக வந்த டிசைன் மென்பொருள் 'டிஜி புனாய்'. முன்பு மீடியா லேப் ஏஷியா என்று இருந்து, இப்போது டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் என்ற பெயரில் இயங்கும் அரசு நிறுவனம் அதை உருவாக்கியது. ஜக்கார்டு தறிக்கும் டாபி தறிக்கும் டிசைன் போட்டுக்கொடுக்கும் அதற்குள் கட்டத்தைத் தொட்டு நெசவைத் திருத்தும் பகுதியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் நடக்கிறது. நெசவை அறிந்தவர்களும் நிரலை அறிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார இடம் இல்லாமல் இல்லை.

திருச்சுழிப் பக்கத்துப் பள்ளியிலோ அருப்புக்கோட்டைக் கல்லூரியிலோ கணினி படிக்கும் தம்பி, தங்கைகளே, இந்தக் கட்டத்தாளை நீங்களே எழுதிப் பாருங்கள். முதலில் 16 க்கு 16, பிறகு 240 க்கு 400. எழுதி முடித்ததும் டிசைன் போட்டுப் பழகிய ஒருவரிடம் மவுஸைக் கொடுத்துவிட்டு, எதையும் விளக்காமல், அவர் கையை மட்டும் பாருங்கள். எந்த இடத்தில் அவர் இரண்டாம் முறை அழுத்துகிறாரோ, அந்த இடத்தில் உங்கள் நிரலைத் திருத்துங்கள்.